எலி கடித்த ஒயர்

சைலன்சர் வாயில் அடைத்திருந்த காக்கித் துணி காலையில் தரையில் கிடந்தது. முனிசாமி குனிந்து எடுத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. ஜீப் ஸ்டார்ட் ஆகிப் பதினெட்டு நாள் ஆகிறது. ஐப்பசி மழை விடாமல் அடிக்கிற அந்தக் குளிரில், தகரக் கொட்டகைக்குள் எதுவும் சூடாக இருக்க நியாயமில்லை. எலி பிடித்து இழுத்திருந்தால் துணி நார்நாராகக் கிழிந்திருக்கும். இது கிழியவில்லை. உள்ளேயிருந்து தள்ளிவிட்டது போல முழுசாக விழுந்திருந்தது.

அதையே சுருட்டி மறுபடி இறுக்கமாகத் திணித்தான்.

ஜவ்வாது மலையில் அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்கு இருந்தது இரண்டு அறை, ஒரு நர்ஸ், ஒரு ஜீப். மழையில் மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது. தை பிறக்கிறவரை வண்டி ஓடாது, பத்திரமாக நிறுத்தி வை என்று கீழேயிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் சாந்தம்மாள் லீவில் போளூர் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கண்ணமங்கலத்துக்காரனான முனிசாமி மட்டும் வண்டிக்குக் காவல். டயர் தரையில் படாமல் கல் கொடுத்துத் தூக்கினான். பேட்டரியைக் கழற்றிச் சமையலறையில் வைத்தான். ஒயர் முழுக்க மண்ணெண்ணெய் தடவினான், சீட்டுக்கு அடியில் பாச்சா உருண்டை போட்டான், காற்று இழுக்கிற குழாய்க்குக் கம்பி வலை கட்டினான். இந்தச் சிரத்தையில் பாதியைக்கூட அவன் கட்டின பெண்டாட்டிக்குக் காட்டியதில்லை. எல்லாம் தினமும் வந்துபோகிற ரங்கன் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது.

பதினெட்டு நாளுக்கு முன்னால் பாதை சரிந்திருக்கவில்லை. அதுதான் முனிசாமியைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று மத்தியானம், நர்ஸும் லீவில் போயிருந்த நேரத்தில், மழையில் நனைந்துகொண்டே ரங்கன் ஓடிவந்தான். மேலே கொல்லையில் சாமை போடுகிறவன், முப்பது வயதுகூட இருக்காது. "அண்ணா, எம் பொஞ்சாதிக்கு நேத்து ராவுலேர்ந்து வலி. வண்டிய எடுங்கணா."

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு வளைவில் பின்சக்கரம் ஒன்று பாதையை விட்டுத் தொங்கியது. கீழே கல் உருண்டு உருண்டு போன சத்தம் முனிசாமியின் காதை விட்டுப் போகவேயில்லை. பதினாறு வருஷம் வண்டி ஓட்டினவன், பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வான்?

"வண்டில எலி பூந்துட்ச்சி ரங்கா. ஒயர கட்ச்சி வெச்சிகீது. இரு, காட்றேன்."

ரங்கனை வாசலில் விட்டுவிட்டுப் பானெட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, இன்ஜினைப் பற்றவைக்கிற காயில் ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினான். வெட்டு நேராக இருந்தது. அதை வாயில் வைத்து மென்றான். ரப்பரும் பெட்ரோலும் செம்பும் நாக்கில் கசந்தன. மென்ற துண்டைக் கொண்டுபோய்க் காட்டினான். ரங்கன் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான்.

கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் ரங்கன் பெண்டாட்டி கெங்கம்மாளைத் தூக்கிக்கொண்டு போனதை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக முனிசாமி பார்த்தான். மஞ்சள் கரை போட்ட மசிநீலப் புடவை. அதன் நுனி கம்பளியிலிருந்து நழுவிச் சேற்றில் இழுபட்டுக்கொண்டு போனது. போளூர்ப் பாதையில் பாதி தூரத்தில் அவள் செத்துப்போனாள். வயிற்றில் இருந்தது வெளியே வரவேயில்லை.

மூன்றாம் நாள் ரங்கன் ஒரு பலகைக் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து முனிசாமி எழுந்து நின்றான். ரங்கன் கல்லை ஜீப்புக்கு அடியில் ஒரு குச்சிமேல் சாய்த்து நிறுத்தினான். குச்சியின் கீழே வேர்க்கடலை. கடலையை இழுத்தால் கல் விழும். கொல்லையில் எலிக்கு வைக்கிற பொறி அது.

"அந்த எலிய வுடக்கூடாதுணா. நாளைக்கு இன்னொரு பொம்பளைக்கு வண்டி ஓணும்ல."

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். பொறியைப் பார்த்துவிட்டுக் கொட்டகை வாசலில் குந்திக்கொள்வான். தனியாக இருக்கிறீர்களே என்று சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவருவான். வெட்கங்கெட்டு அதையும் முனிசாமி தின்றான். வாங்கித் தின்ற ஒவ்வொரு கவளமும் ரப்பராக ருசித்தது. ரங்கன் ஒரு அறை விட்டிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

துணி கீழே விழுந்து கிடந்ததற்கு மறுநாள் காலையில் சைலன்சர் வாயில் காக்கித் துணி இல்லை. அந்த இடத்தில் வேறொரு துணி திணித்திருந்தது. முனிசாமி நுனியைப் பிடித்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. ஈரம், சேறு, மசிநீலம். கடைசியில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் கரை.

அடுப்பில் போட்டு எரித்தான். எரிகிறவரை வாசலைப் பார்த்தபடியே இருந்தான், ரங்கன் வந்துவிடுவானோ என்று. அவனுக்குப் பேயைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

பகல் முழுக்கச் சத்தம் கேட்டது. முதலில் கறுக், கறுக் என்று எலி கடிக்கிற சத்தம்தான். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு அடியில் அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. பிற்பகலுக்கு மேல் அது மாறியது. கடிக்கிற சத்தம் நின்று, ஈரமாக எதையோ சப்புகிற சத்தம் வந்தது. கொஞ்சம் சப்பும். மூச்சு வாங்கும். மறுபடி சப்பும்.

சாயங்காலம் பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. ரங்கன் அரிக்கேன் விளக்கோடு வந்து பொறியைக் குனிந்து பார்த்தான். கடலை அப்படியே இருந்தது. கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இது கடல திங்கற எலி இல்லீங்கணா. மல்லாட்டைய மோந்துகூடப் பாக்கல" என்றான். பிறகு இடுப்பிலிருந்து அந்த ஒயர்த் துண்டை எடுத்தான். "எங்க கொல்லைல எலி கட்ச்சா உளியில செத்துன மாரி இருக்கும். இது மென்னு துப்புன மாரி கீது. நானும் தெனம் பாக்கறேன். இன்னா எலின்னே தெரில."

அவன் குரலில் கோபம் இல்லை. முனிசாமி ஒயரைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம். நான்தான் ரங்கா, பயந்துட்டேன். அவ்வளவுதான், மூன்றே வார்த்தை.

வண்டிக்குள் சப்புகிற சத்தம்.

"பின்சீட்டுல கீது" என்று ரங்கன் விளக்கை நீட்டினான். "தொறந்து பாருங்கணா."

முனிசாமி ஏறினான். நோயாளியைப் படுக்க வைக்கிற நீளச் சீட்டு. அதற்கு அடியில் கம்பளி வைக்கிற பெட்டி. பாச்சா உருண்டை வாசனை இல்லை. எலி மூத்திர நாற்றமும் இல்லை. வேறு வாசனை. இரண்டு பிள்ளை பெற்றவன் அவன். அந்த வாசனை தெரியும். பிள்ளை பெற்ற வீட்டு வாசனை.

மூடியைத் தூக்கினான்.

கூடு. காக்கி நூல், கட்டுப்போடுகிற பஞ்சு, கிழித்த மசிநீலம், நீளநீளமாகத் தலைமயிர். நடுவில் ரோஸ் நிறத்தில் ஒன்று. மயிர் இல்லை. கண் திறக்கவில்லை. எலிக்குஞ்சு அப்படித்தான் இருக்கும்.

குஞ்சு என்றால் ஏழெட்டு இருக்க வேண்டும். இது ஒன்றுதான்.

இரண்டு சாண் நீளம்.

மூச்சு விட்டது.

தொட்டுப் பார்க்க விரலை நீட்டினான். ஏன் நீட்டினான் என்று அவனுக்கே தெரியாது. ஐந்து விரல் அதைச் சுற்றி மூடின. நகம் இருந்தது.

"இன்னா கீது?" ரங்கன் கீழேயிருந்து கேட்டான்.

மழை.

"அண்ணா. எலிதானுங்களே?"

இல்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒயரை. பல்லை. தின்ற சோற்றை.

"எலிதான்" என்றான் முனிசாமி.

"அப்ப கொஞ்சம் நவுந்துக்கோங்க."

வண்டி அசைந்தது. ரங்கன் முனிசாமியின் முதுகுக்குப் பின்னால் ஏறி மண்டியிட்டான். அவன் முழங்கால் முனிசாமியின் இடுப்பில் இடித்தது. பலகைக் கல் உயர்ந்து, கூரைப் படுதாவில் உரசி நின்றது.

முனிசாமி கையை இழுத்தான்.

விடவில்லை. இன்னும் இறுக்கியது.

வாயைத் திறந்தான். வாய் நிறைய ரப்பர்.