யாரையும் திருப்பி அனுப்பாத வாசல்

முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்தபடி வந்த கணவரின் இடது மேல்கையில் ஒரு கைத்தடம் இருந்தது. விரல்கள் வெளிப்புறம், கட்டைவிரல் உட்புறம், இடையில் லேசான நீலம். தூங்குகிறவரை எழுப்ப யாராவது பிடித்து உலுக்கினால் விழக்கூடிய தடம். அவள் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அந்தத் தடத்தின் மேல் தன் கையைப் பொருத்திப் பார்த்தாள். அவள் விரல்கள் எட்டவில்லை.

“நீதான் பிடிச்சு உலுக்கியிருப்ப. குறட்டை விட்டேனா?”

“என் கை இவ்வளவு பெருசா?”

“கோபத்துல பெருசாயிருக்கும்.” அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் கிடைக்காத சிரிப்பை வீட்டில் வசூலிக்கிறவர். “பசங்க பாத்தா அவ்வளவுதான். வாத்தியாருக்கு வீட்ல ட்யூஷன் நடக்குதுன்னு கிளப்பி விட்ருவானுங்க.”

அவளும் சிரித்தாள். அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் உதடு கிழிந்தது. பிறகு வலது சுண்டுவிரல் வீங்கி, பின்பக்கமாக வளைந்து நின்றது. எல்லாம் தூக்கத்தில் நடந்தன, அல்லது நடந்ததாக அவர் சொன்னார். ஒரு மாலை நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்தபோது மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. விலா எலும்பில் கீறல் விட்டிருப்பதாகச் சொன்ன மருத்துவர், அவளை மட்டும் வெளியே போய் உட்காரச் சொன்னார். பினாயில் வாடையும் குழல்விளக்கின் ரீங்காரமும் நிறைந்த நடைபாதையில், கதவுக் கண்ணாடி வழியே மருத்துவரின் பார்வை தன் கைகள்மேலேயே இருப்பதை அவள் கவனித்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நீ அடிப்பியான்னு கேக்குறாங்க” என்றார் அவர், வெளியே வந்ததும்.

“என்ன சொன்னீங்க?”

“கணக்குல தப்பு விட்டா மட்டும்னு சொன்னேன்.” சிரிக்கத் தொடங்கி, விலாவைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி மெல்லச் சுற்றியது, திரைச்சீலை வெளிச்சத்தை உள்ளே விடுவதும் எடுத்துக்கொள்வதுமாக இருந்தது, கீழ்வீட்டுக் குழந்தை எதையோ தரையில் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் சுவர் வழியாக ஏறிவந்தது. அப்போது அவர் கன்னம் தட்டையானது. மேலேயிருந்து ஒரு உள்ளங்கை அழுத்தியதுபோல அமுங்கி, சற்று நேரம் அப்படியே இருந்து, மீண்டும் எழுந்தது. அமுங்கிய இடம் முதலில் வெளுத்து, அப்புறம் சிவந்தது.

அவரை எழுப்பினாள். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். வாய்விட்டுச் சொன்னால் அது நடந்ததாகிவிடும்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் மெய்நிகர் உலகங்களை நடத்தியது. ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கடற்கரை, போர்க்களம், கச்சேரி அரங்கு, கூட்ட அறை என்று விருப்பப்பட்ட இடத்தில் போய் நிற்கலாம். உலகங்கள் ஏராளம், ஆனால் உள்ளே வருகிறவர்கள் குறைவு. தேடினால் கிடைப்பதில்லை, கிடைத்தால் பாஸ்வேர்ட் மறந்திருக்கும், அதைத் தாண்டினால் பெயர் கேட்கும், முகம் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பாதிப் பேர் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வாசலைச் சுலபமாக்குவது அவள் குழுவின் பொறுப்பு. ஒவ்வொரு படியாக எடுத்தாள். பாஸ்வேர்ட் போயிற்று. பெயர் போயிற்று. முகம் தேர்ந்தெடுப்பதும் போயிற்று. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிற உடலும், கண் மூக்கு இல்லாத வழவழப்பான தலையும் தரப்பட்டன. எங்கே போவதென்று முடிவாகாதவர்களை நிறுத்திவைக்க ஒரு காத்திருப்பு அறை. தேடியது இல்லையென்றால், அதற்கு மிக நெருக்கமானதை வாசலே கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த விதியை எழுதியவள் அவள். அதற்காக அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை பிற்பகல், அவள் குழுவில் இருந்த பையன், தடித்த கண்ணாடிக்காக எல்லாரும் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவன், நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் பக்கம் வந்தான்.

“அக்கா, பார்ட்டி எப்போ? இப்பல்லாம் வாசல்ல ஒருத்தரும் திரும்பிப் போறதில்ல.”

“எந்த உலகத்துக்குப் போறாங்க?”

“அதான் கூத்து. எங்கயும் போகல. காத்திருப்பு அறையிலயே டேரா போட்டுட்டாங்க.”

“அங்க என்ன இருக்கு? வெறும் அறைதானே.”

“ஒரு ஆளு இருக்கான்க்கா. அடிச்சா முனகுறான்.”

அவன் அதைத் தன் திரையில் திறந்தான்.

அவள் வீட்டுக் கூடம். அவள் வாங்கிய திரைச்சீலை, அவள் வீட்டு நிற்கும் விளக்கு, அவள் வீட்டு நாற்காலி. நாற்காலியில், மடியில் செய்தித்தாளோடு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கும் அவள் கணவர்.

மாதங்களுக்கு முன்னால் வாசலைச் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு அறை தேவைப்பட்டது. வரைகிற குழு இழுத்தடித்ததால், ஒரு மதியம் அவளே கைப்பேசிக் கேமராவால் தன் கூடத்தைச் சுற்றிவந்து படமெடுத்து ஏற்றினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனமில்லை. வெளியிடுவதற்கு முன் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

“இதை ஏன் மாத்தல?”

“நீங்க மாத்துறேன்னீங்க. மாத்திட்டீங்கன்னு நாங்க நெனச்சோம்.” அவன் திரையை உற்றுப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. “யாருக்கா இது?”

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். நாற்காலிக்கு முன்னால் வரிசை நின்றது. சாம்பல் உடல்கள், மாவு உருண்டை போன்ற தலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, மின்கட்டணம் கட்ட நிற்பவர்களின் பொறுமையோடு. யாரும் முண்டியடிக்கவில்லை. முன்னால் நின்றவன் குனிந்து, தூங்குகிறவரின் கையைத் தூக்கி, வீங்கிய சுண்டுவிரலைத் தேர்ந்தெடுத்து வளைத்தான். முனகல் வந்தது. அவள் படமெடுத்தபோது ஒலியே பதிவு செய்யவில்லை. ஆனால் அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். விலாவை மருத்துவர் அழுத்தியபோது கேட்டது அதேதான். வளைத்தவன் திருப்தியாகி விலகினான். அடுத்தவன் நிற்கும் விளக்கை அடியோடு தூக்கினான். இரண்டு கைகளாலும் பிடித்து, தோளுக்கு மேல் கொண்டுபோய், வாயைப் பார்த்து வீசினான்.

சற்று நேரத்தில் அவள் கைப்பேசி ஒலித்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

“உடனே வாம்மா. சார் போர்டுல எழுதிக்கிட்டே இருந்தாரு. அப்படியே வாயைப் பொத்திக்கிட்டு விழுந்துட்டாரு. பல்லு உடைஞ்சு வெளிய கிடக்கு. பக்கத்துல யாருமே இல்லம்மா. பசங்கெல்லாம் அழுவுறாங்க.”

இப்போது தூக்கம்கூடத் தேவைப்படவில்லை.

“அந்த அறையை எடு” என்றாள் சோடாபுட்டியிடம்.

“எடுத்தா இவங்கெல்லாம் எங்கக்கா போவாங்க? மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை...”

அவள் அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கூடத்தை அழித்தாள். அதன் பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தாள். அந்த இடத்தில் ஒரு வெள்ளை அறையை வைத்தாள்: சுவர், தரை, வேறெதுவும் இல்லை. திரையில் வரிசை கலைந்தது. சாம்பல் தலைகள் இப்படியும் அப்படியும் திரும்பின. மேசை மேலிருந்த ஹெட்செட்டைப் பழக்கத்தில் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பள்ளியிலிருந்து மருத்துவமனைக்கும், தையல் போட்டு வீட்டுக்கும் அவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். உதட்டில் கறுப்புத் தையல், வாயைச் சுற்றிக் காய்ந்த ரத்தத்தின் இரும்பு வாடை. ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். புதிதாக எந்தத் தடமும் விழவில்லை. நெடுநேரம் விழவில்லை. அவர் மூச்சு சீரானது. அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியில்தான் வந்தது.

“இனிமே ஒண்ணும் ஆகாது. நான் சரி பண்ணிட்டேன்” என்றாள்.

“நீ என்ன பண்ண, இதுக்கும் உனக்கும்?” பேசும்போது தையல் இழுத்தது. “பல்லைப் பொறுக்கி வச்சிருக்காங்களாம் பசங்க. பின்னத்துக்குப் பாடம் நடத்தலாம்.”

கைப்பேசி ஒலித்தது. சோடாபுட்டி.

“அக்கா, வெள்ளை அறையில ஒருத்தரும் நிக்கல. எல்லாரும் அந்த ஆளைத்தான் தேடுறாங்க.”

“தேடட்டும். கிடைக்காது. எடுத்தாச்சு.”

“கிடைச்சுடுச்சுன்னு காட்டுதுக்கா.” அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. “அதுக்கு ரொம்ப நெருக்கமா ஒரு இடம் இருக்காம். வாசல் எல்லாரையும் அங்க விட்ருச்சு. அது நம்ம உலகம் எதுவும் இல்ல. பேரே காட்டல. நான் வாசலையே மூடிப் பாத்தேன், உள்ள போனவங்க வெளிய வரல.”

அவள் கூடத்தைப் பார்த்தாள். திரைச்சீலை. விளக்கு. நாற்காலி. அவர்.

“நீங்க வீட்லயா இருக்கீங்க?” என்றான் அவன். “பின்னாடி யாருக்கா, இவ்வளவு பேர் சத்தம் கேக்குது?”

அவள் காதில் எதுவும் விழவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும்தான். அதுவும், கூர்ந்து கேட்டபோது, அடைத்துக் கேட்டது. நிறைய உடல்கள் நிற்கிற அறையில் சத்தம் மந்தமாவதைப் போல. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை வந்தது. வாசற்பக்கத் தரைவிரிப்பு ஓரிடத்தில் அமுங்கியது. பிறகு அதற்குப் பின்னால் இன்னொரு இடம். அதற்கும் பின்னால். திரைச்சீலை, காற்றே இல்லாமல், யாரோ உரசிப் போனதுபோல ஒதுங்கி நின்றது.

கைப்பேசி கையிலிருந்து நழுவியது.

அவர் தலைமுடி நெற்றியிலிருந்து எழுந்தது. ஒரு கொத்தாக. யாரோ பிடித்திருந்தார்கள். தலை பின்னால் போனது. கழுத்து நீண்டது. அவர் கண்கள் அவளைத் தேடின.

“ஏம்மா...”

தலை நாற்காலியின் மரக்கையில் மோதியது. மறுபடி. தையல் பிரிந்தது. மறுபடி.

அவள் பாய்ந்து அவர் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். முதுகில் எதுவும் விழவில்லை. அடி அவளைத் தாண்டி அவர்மீதே விழுந்தது. அவள் மார்புக்குக் கீழே அவர் விலா ஒடிவதை உணர்ந்தாள். ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி. கைகளை வீசினாள். கையில் எதுவும் படவில்லை. யாரை அடிப்பது. எங்கே அடிப்பது. தெரியவில்லை. பார்க்க வேண்டும். பை. பைக்குள் ஹெட்செட்.

மாட்டினாள். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. வரிசை நாற்காலியிலிருந்து தொடங்கி, கதவைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி, சன்னலுக்கு வெளியே தெருவிளக்குகளின் கீழே, தெரு வளைகிற இடம்வரை போயிற்று. அத்தனை பேரும் ஒரே உடல். யாருக்கும் முகமில்லை. முன்னால் நின்றவனின் கை அவர் வாய்க்குள் இருந்தது.

“விடுங்க” என்று கத்தினாள். “அவருக்கு வலிக்குது. நெஜமாவே வலிக்குது. விட்ருங்க.”

கை நின்றது.

தலைகள் திரும்பின. முதலில் அறையில். பிறகு படியில். பிறகு தெருவில், விளக்குக்கு விளக்கு, வளைவுவரை. அவளுக்குச் சாம்பல் உடல் தரப்படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர்களுக்கு அவள் அவளாகவே தெரிந்தாள். கலைந்த கூந்தலோடு, ரத்தம் பட்ட புடவையோடு, பேசக்கூடியவளாக.

முன்னால் நின்றவன் அவர் வாயிலிருந்து விரல்களை எடுத்தான். தலையைச் சாய்த்து அவளைக் கவனித்தான். பிறகு ஈரமான ஒரு விரலை நீட்டி அவள் தோளெலும்புக்கு மேலே வைத்து அழுத்தினான். மெதுவாக. எங்கே சத்தம் வருகிறது என்று பார்க்கிறவன்போல இன்னும் சற்று உள்ளே.

அவள் அலறினாள்.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். கூடம் காலியாக இருந்தது. விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. எலும்பைத் தொட்டது.

எறிந்தது சுவரோரம் மல்லாந்து கிடந்தது. அதன் கண்ணாடி வில்லைகளில் கூடம் சின்னதாகத் தெரிந்தது. அதில் வரிசை அசைவதை அவள் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. கதவிலிருந்து தெரு வளைவுவரை, ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று ஒழுங்காக விலகி, அது இரண்டு வரிசையாகிக்கொண்டிருந்தது.