ஒரே பெயரில் இன்னொன்று

சுவரை நெருங்க நெருங்கத்தான் வைஃபை கூடியது.

உஷாராணிக்கு அதுதான் உறுத்தியது. அவளுடைய மோடம் வாசல் பக்கம், டிவிக்குக் கீழே. கைப்பேசியை அதன் மேலேயே வைத்தாலும் ஒரே ஒரு கோடு. பக்கத்து வீட்டை ஒட்டிய சுவருக்குப் போனால் நிறையக் கோடு.

பக்கத்து வீடு காலி.

செராஸில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த நாள் முதல் அவள் உபயோகித்தது பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டியின் வைஃபையைத்தான். "நான் ஒருத்தி எவ்வளவு பாக்கப் போறேன், சேர்ந்தே யூஸ் பண்ணலாம் லா" என்று ஆன்டியே பாஸ்வேர்டைக் கொடுத்தார். ஆன்டி குளியலறைத் தண்ணீரில் விழுந்து இறந்தபின் மகன் வந்து மின்சாரத்தை வெட்டி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான். உஷாராணி சொந்தமாக மோடம் வாங்கினாள். கதவுப் பூட்டு, கேமரா, விளக்கு எல்லாவற்றையும் மறுபடி இணைக்கச் சோம்பல். புது மோடத்துக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. எல்லாம் தானாக ஒட்டிக்கொண்டன.

வெளியே சாயங்கால மழை கொட்டியது. மகள் விஷ்ணுப்ரியாவின் ஸ்கூல் வேன் வரும் நேரம். கீழே இறங்கிக் கூட்டிவர வேண்டும். அதற்குள் இதைச் சரிசெய்துவிடலாம் என்று மோடம் பொருத்திக் கொடுத்த கமலநாதனை அழைத்தாள்.

"அக்கா, உங்க வைஃபை பேர்லயே ரெண்டு ஓடுது போல. ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டுன்னா எது ஸ்ட்ராங்கோ அதுலதான் எல்லாம் போய் ஒட்டிக்கும்."

"அது காலி வீடு தம்பி. கரண்டே கிடையாது."

"பேய் வைஃபை போட்டுருக்குமோ?" என்று சிரித்தான். "சும்மா சொன்னேன்க்கா. உங்க மோடத்தை அடைங்க. பேரு மறையுதான்னு பாருங்க."

சுவிட்சை அணைத்தாள். மோடத்தின் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கைப்பேசியில் பெயர் அப்படியே இருந்தது. கோடுகள் நிறைந்தன.

"தம்பி, போகல."

அழைப்பு அறுந்திருந்தது.

கூடத்து விளக்கு மெல்ல மங்கி, ஆன்டி வீட்டு ஜன்னலில் முன்பெல்லாம் தெரிந்த மஞ்சள் நிறத்துக்கு மாறியது. அலமாரி மேலிருந்த கேமரா கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்து நின்றது. ஈரத் துணியும் மருந்துத் தைலமும் கலந்த ஒரு வாடை, மழைக்காற்றே நுழைய முடியாத மூடிய வீட்டுக்குள், சுவரிலிருந்து கசிந்து வந்தது.

வாசலில் பூட்டு 'டக்' என்றது.

ஓடிப்போய் உள்பக்கப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு. மகள் தனியாக வெளியே ஓடிவிடக்கூடாதென்று அவளே போட்டிருந்த குழந்தைப் பூட்டு. கைப்பேசியில்தான் அதைத் திறக்க முடியும். திறக்கப் பார்த்தாள். 'அனுமதி இல்லை.' மோடத்தை மறுபடி போட்டாள். எதுவும் திரும்பி வரவில்லை. கைப்பிடியை இழுத்தாள். உதைத்தாள். பால்கனியில் இரும்புக் கிரில். கீழே பன்னிரண்டு மாடி, மழை.

மின்தூக்கி திறக்கும் சத்தம்.

கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். யாரோ மேலே அனுப்பிவிட்டிருக்க வேண்டும். நனைந்த பள்ளிப் பையோடு விஷ்ணுப்ரியா நடந்து வந்தாள்.

"பிரியா! கீழ போ! செக்யூரிட்டி அங்கிள்கிட்ட போ!"

குழந்தை நின்றாள். இந்தக் கதவைப் பார்த்தாள்.

"பிரியா."

பக்கத்து வீட்டிலிருந்து. உஷாராணியின் குரலேதான். கொஞ்சம் கூடுதல் சத்தமாக.

"பிரியா, போகாதே! அம்மா இங்க இருக்கேன்!"

"பிரியா, அம்மா இங்க இருக்கேன்." இன்னும் சத்தமாக.

குழந்தை இங்கும் அங்கும் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"ஏம்மா ஆன்டி வீட்டுல இருக்கீங்க?"

பக்கத்துக் கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சம் தரையில் விழுந்தது. உஷாராணி அலறினாள். தொண்டை கிழிய அலறினாள். அந்த அலறலும் பக்கத்திலிருந்தே வந்தது, சிரிக்கிற மாதிரி.

குழந்தை குனிந்தாள். காலணிகளை வாசலில் ஒழுங்காக விட்டாள். உள்ளே போனாள்.

ஊறி வெளுத்த ஒரு கை வெளியே நீண்டது. ஒரு காலணியை எடுத்தது. பிறகு மற்றதை.

கதவு சாத்திக்கொண்டது.