வைரவரின் முதல் பார்வை

நாவிதன்வெளிக் கோயிலின் களஞ்சிய அறைக்குள் நான் நுழைந்தது நல்ல பகலில்தான். உள்ளே வௌவால் நாற்றம். வயலில் கிடைத்த பழைய வைரவர் கற்சிலை சாக்கின் மேல் கிடந்தது. காலடியில் ஒரு கல் நாய். சிலையின் கண்கள் இருந்த இடம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

"தொல்பொருள்காரங்க இதக் கொழும்புக்குக் கொண்டு போகப் போறாங்க. அதுக்கு முன்ன இதே மாதிரி ஒண்டு வார்த்துத் தாங்க, றஸாக் நானா. உள்ளபடியே இருந்தாக் காணும்," என்றார் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் கேதீஸ்வரன்.

கல்முனையில் வீடுகளுக்கு பிளாஸ்டர் பூவேலை செய்கிறவன் நான். அச்செடுத்து, வீட்டோடு ஒட்டிய என் பட்டறையில் வார்த்தேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், பிறகு ஆறிவிடும். இது மறுநாளும் ஆறவில்லை. மழைக்கால ஈரத்தால்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

கண்ணில்லாத அரைகுறை வேலையை வெளியே விட எனக்கு மனம் வராது. பாழாய்ப்போன அந்தப் பெருமையில் சின்னக் கத்தியை எடுத்து இரண்டு கண்களையும் கீறினேன்.

கடைசிக் கோட்டை இழுத்தபோது என் ஏழு வயது மகள் அப்ரா தேத்தண்ணியோடு வந்து சிலைக்கு நேரே நின்றாள்.

"வாப்பா, இவர் என்னப் பாக்காரு."

நான் சிரித்தேன்.

மாலையில் வண்ணக்கர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கண்ண ஆர் திறந்த?"

"நான்தான்."

"திறக்கக்குள்ள முன்னுக்குக் கண்ணாடி புடிக்கணும் நானா. மொதல் பார்வ அதிலதான் விழணும். ஆளில விழப்படாது." குரல் இறங்கியது. "முன்னுக்கு ஆர் நின்ட?"

வீட்டுக்குள் ஓடினேன். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. அப்ரா கட்டிலில் அசையாமல் இருந்தாள். நெற்றி கொதித்தது.

"கண்ண மூடு மகள்."

"மூட ஏலா வாப்பா."

மனைவி நஸீறா அழுதழுது ஓதி ஊதினாள். நான் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அந்தச் சிலையைத் தூளாக்க வேண்டும், என் பிள்ளை எனக்கு வேண்டும்.

ஓங்கிய கை நின்றது.

மறுகையால் பிடித்திருந்த சிலை குளிர்ந்திருந்தது.

நான் கீறிய கோடுகள் இல்லை. கண்கள் பழையபடி வழுவழுப்பாக இருந்தன.

பின்னால் காலடி கேட்டது. அப்ரா வாசலில் நின்று, இன்னும் அங்கேயே நின்ற வண்ணக்கரைப் பார்த்தாள்.

அவர் அவளை நோக்கிக் கை கூப்பினார்.

இன்றோடு ஒன்பது நாள். என் மகள் இன்னும் இமைக்கவில்லை. எங்கள் கேற்றடியில் தெரு நாய்கள் வந்து படுத்திருக்கின்றன. ஒன்றுகூடக் குரைப்பதில்லை.