வெள்ளிக்கிழமைக் கங்கு

"திருடி!"

மழையில் நனைந்தபடி அவன் கத்தினான். கையில் ஒடிந்த மெல்லிய பலகைக் கீற்று ஒன்று.

மடத்தில் ஒதுங்கியிருந்த கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மாவும் நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்த ஓட்டுச் சில்லில், அவன் பட்டறையில் அள்ளிய கங்குகள் சிவந்திருந்தன. மறைக்க வழியில்லை.

அவன் கண்களைத்தான் முதலில் பார்த்தாள். கோபமான கண்கள். ஆனால் ஈரமாக இருந்தன... மழையா? வேறா?

"நெருப்பு வேணும்னா கேட்டு வாங்கத் தெரியாதா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வச்சாச்சு."

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டு நெருப்பை யாரும் வெளியே கொடுப்பதில்லை. கொடுத்தால் கூடவே லட்சுமியும் போய்விடுவாளாம்.

"அதுக்காகத் திருடுறதா?"

தனக்குப் பின்னால் அப்பா வீரையா கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருப்பதை அவள் சொல்லவில்லை. இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

காப்பிப் பறிப்பு முடிந்து, இலங்கையின் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து கடலுக்கு அப்பாலுள்ள சொந்த ஊருக்கு நடந்துபோகிற கூட்டம் அது. மாத்தளை தாண்டி, மன்னார் போய், தோணி ஏற வேண்டும். அக்குறணையில் ஆறு பெருகி வழியை மறித்திருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்துக் கடைக்கார உம்மு குல்சும் அவன் குடியிருந்த பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன இருளப்பன் தம்பி, நேத்து ஊரையே கூட்டிட்டீங்க? அந்தப் புள்ளட வாப்பாக்குக் குளிர்காய்ச்சல். கசாயம் வைக்கத்தான் கங்கு எடுத்தீக்கி. நான் கொத்தமல்லி குடுத்தேன். நீங்க திருடின்னு பட்டம் குடுத்தீங்க."

இருளப்பன் ஒரு சட்டி நிறையக் கங்கு எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனான்.

"எம்மகளத் திருடின்னவன் நெருப்பு எனக்கு வேணாம். கொண்டு போ" என்றார் வீரையா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் திரும்பி நடந்தான். மழைத்துளி விழுந்து கங்குகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. பேச்சியம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்... அப்பா கண் அயர்ந்ததும் பட்டறைக்குப் போனாள்.

"நான் கங்கு எடுத்ததுக்கு உங்க பலகை ஏன் ஒடியணும்?"

அவன் காட்டினான். இருளப்பன் காப்பிக்குப் பீப்பாய் செய்கிற தச்சன். கண்டியிலுள்ள பறங்கி இசை வாத்தியாருக்காக முதன்முதலாக ஒரு கிட்டார் செய்கிறான். அதன் பக்கங்களுக்கு ஒரே பலாப் பலகையில் அறுத்த கீற்றுகள். தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே கங்கு நிரப்பிய இரும்புக் குழாய்மேல் வைத்து, மெல்ல மெல்ல அழுத்தி வளைக்க வேண்டும்.

"பாதி வளைச்சப்ப சூடு இறங்கிருச்சு. போடக் கங்கு இல்ல." சற்று நிறுத்தினான். "அப்பவே கையை எடுத்திருக்கணும். ஆத்திரத்துல அழுத்திட்டேன். ஒடிச்சது நான்தான்... திட்டு மட்டும் உனக்கு."

"நல்ல பங்கு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும்.

"ஒரு பக்கம் முன்னமே முடிஞ்சிருச்சு. இன்னொண்ணுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம். இதுவும் ஒடிஞ்சா, ஜோடிக்கு இதே பலகை கிடைக்காது."

"கங்கு நான் போடுறேன். நீங்க கையை எடுக்காதீங்க."

குழாய்மேல் தெளித்த நீர் முத்தாக ஓடியது. அவன் கீற்றை வைத்தான். பலாவின் இனிப்பு வாசம் ஆவியாக எழுந்து இருவர் முகத்துக்கும் நடுவே நின்றது. அவள் குழாய்க்குள் கங்கைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மரம் முதலில் மறுத்தது. பிறகு... அவன் உள்ளங்கைக்குக் கீழே, சத்தமில்லாமல், இணங்கியது.

அச்சில் வைத்துக் கயிற்றால் கட்டினான்.

"எப்ப அவிழ்ப்பீங்க?"

"நல்லா ஆறிக் காயணும். இப்பவே அவிழ்த்தா பழையபடி நிமிந்துரும்."

அதற்குள் நான் போயிருப்பேன் என்று நினைத்தாள்.

தினமும் காலையில் இருளப்பன் கங்குச் சட்டியோடு மடத்துக்கு வந்தான். தினமும் வீரையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை விட்ட பிறகும் வந்தான். வியாழக்கிழமை அவர் கைநீட்டிச் சட்டியை வாங்கினார்.

வெள்ளிக்கிழமை ஆறு இறங்கியது. விடிந்ததும் புறப்பாடு என்று கங்காணி சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்தபோது வீரையா மகளைக் கூப்பிட்டார்.

"அந்தத் தச்சன்கிட்ட கொஞ்சம் நெருப்பு வாங்கிட்டு வா."

"நம்ம அடுப்பு எரியுதேப்பா... இன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற."

"தெரியும். இந்தத் தடவை கேட்டு வாங்கு."

பட்டறையில் விளக்கு வைத்தாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் அச்சோடு கட்டுண்டு கிடந்தது வளைந்த பக்கம்.

"கங்கு வேணும்" என்றாள்.

இருளப்பன் விளக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"குடுக்கமாட்டேன்."

அவள் கண்கள் நிறைந்தன. "விடிஞ்சா போயிருவேன். இன்னைக்குக்கூடவா..."

"விளக்கு வச்சபிறகு இந்த வீட்டு நெருப்பு வெளிய போகாது, பேச்சி." அவன் கதவை அகலத் திறந்துவிட்டான். "நெருப்பு வேணும்னா நீ உள்ள வா. இங்கயே அடுப்பு மூட்டு. உன்னை அனுப்பிட்டு... என்னால இருக்க முடியாது."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மழையில நின்னு கத்தினீங்களே, அன்னைக்கே உங்க கண்ணு ஈரமா இருந்துச்சு. அது மழையா, வேறயான்னு... இன்னும் யோசிச்சிக்கிட்டேதான் இருக்கேன். மாத்தளை வரைக்கும் நடந்தாலும் அதைத்தான் யோசிப்பேன்."

வெளியே இருமல் சத்தம் கேட்டது.

"என்னம்மா, நெருப்புக் குடுத்தாரா?"

"குடுக்கமாட்டேங்கிறாருப்பா..."

"நல்ல வீட்டுல குடுக்கமாட்டாங்கதான்" என்றார் வீரையா.

தோளில் இருந்த மகளின் துணி மூட்டையை இறக்கி, நிலைப்படிக்கு உள்ளே வைத்தார்.