பிரேக்கின் மேல் ஒரு கை

கடைசி போல்ட்டை ஃபிட்டர் அவசர அவசரமாக முடுக்கிக்கொண்டிருந்தான். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. நங்கூரச் சங்கிலியை இழுக்கும் வின்ச்சுக்குப் புது பிரேக் பட்டை மாட்டி முடிப்பதற்குள் காற்று கிளம்பிவிட்டது. நடுப்பகலை மேகம் விழுங்கி, கப்பலின் முன்முனையில் கிரீஸும் துருவும் சேற்று வாடையும் கலந்த ஒரு மங்கல் வந்து உட்கார்ந்திருந்தது.

இடுப்பில் வாக்கி-டாக்கி கத்தியது. கேப்டன்.

"நங்கூரம் பிடி விட்டுடுச்சு! பின்னால பாறை. உன் மச்சான மேல கூப்பிட்டுட்டு உடனே சங்கிலிய ஏத்து!"

மச்சான், அக்காவின் கணவர். காலையிலிருந்து கீழே சங்கிலி அறையில் கரண்டியால் சேறு வழித்துக்கொண்டிருக்கிறார். மேலேறும் சங்கிலி முழுக்க அந்த அறையில்தான் போய்க் குவியும். அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: உள்ளே இறங்கியவர் திரும்பி வந்து பிரேக் சக்கரத்தில் கை வைக்காமல் வின்ச் ஓடக் கூடாது.

இரும்பில் தட்டி மச்சானை மேலே அழைக்க ஃபிட்டர் சுத்தியலை எடுத்தான்.

"தட்டாத மாப்ள. நான் மேல வந்துட்டேன்." வாக்கி-டாக்கியில் மச்சானின் குரல்.

ஆனால் சங்கிலி இறங்கும் குழாய்க்குள் கரண்டி சுரண்டும் சத்தம். நிதானமாக. சர்க்... சர்க்...

"கீழ ஏதோ சத்தம் கேக்குதே மச்சான்?"

"தண்ணி அலம்புதுடா. உங்க அக்கா தொணதொணப்பையே தாங்குறவன் நான், இதுக்குப் போய் பயந்துக்கிட்டு!"

அதே கேலி. அதே இழுவை. அந்தப் பக்கம் காற்றிரைச்சல் மட்டும் துளியும் இல்லை.

"வந்து கை வைங்க."

"வந்துக்கிட்டே இருக்கேன். அதுவரைக்கும் பாறை காத்திருக்குமா? ஏத்து."

கப்பல் அடிவயிற்றில் எதையோ உரசி அதிர்ந்தது. ஃபிட்டர் வின்ச்சின் நெம்புகோலைத் தள்ளினான்.

சங்கிலி ஏறியது. சேறு சொட்ட, ஒவ்வொரு வளையமாகக் குழாய்க்குள் விழுந்தது. சுரண்டல் நின்றது. கீழிருந்து இரும்பில் அடிக்கும் சத்தம். வேகமாக. இன்னும் வேகமாக.

பிறகு இல்லை.

அவனுக்குள் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் நெம்புகோலில் இருந்தது.

பின்னால் காலடி. திரும்பினான். சமையல்காரர், மழையில் தலையைக் குனிந்தபடி.

"இந்தாப்பா, உங்க மச்சானோடது. காலைல டீ குடிச்சிட்டு அடுப்பு மேடையிலயே மறந்துட்டு எறங்கிட்டாரு. ஆள் மேல வந்ததும் குடுத்துடு. பேட்டரி வேற செத்துக் கிடக்கு."

நீட்டிய கையில் மச்சானின் வாக்கி-டாக்கி.

ஃபிட்டரின் இடுப்பில் லேசாக ஒரு கரகரப்பு.

"நிறுத்திடாத மாப்ள. இன்னும் கொஞ்சந்தான்."