ஹார்ப்புக்குக் குளிர் ஆகாது

தம்பானூர் ரயில் நிலைய வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேசி வைத்த வேன் வரவில்லை. காலையில் கொல்லத்தில் ஒரு சர்ச் கல்யாணத்தில் வாசித்துவிட்டு வந்த மாளவிகா, பிளாஸ்டிக் போர்த்திய தோளுயர ஹார்ப்பைக் கட்டிக்கொண்டு, வராத வேன்காரனை வாய்விட்டுத் திட்டினாள். ஆட்டோக்காரர்கள் ஹார்ப்பைப் பார்த்ததுமே நழுவினார்கள்.

ஸ்பீக்கர் பெட்டிகள் ஏற்றிய ஒரு சரக்கு ஆட்டோ சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய், "சேட்டா, ஒன்னு சஹாயிக்காமோ?" என்று மலையாளத்தில் உதவி கேட்டாள்.

"தமிழ்லயே சொல்லுங்க மேடம். வேன்காரனை அம்புட்டு நேரம் தமிழ்லதான ஏசுனீங்க?"

முகம் சிவந்தது அவளுக்கு. ஈர இமைகளுக்குள் ஆட்டோக்காரனின் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன... கொழுப்பைப் பார், என்று நினைத்தாள். ஆனாலும் பார்வையை எடுக்க மனம் வரவில்லை.

பெயர் தங்கபாண்டி. திருநெல்வேலிப் பக்கம். ஹார்ப்பைக் கயிறு போட்டுக் கட்டியபடியே, இது கட்டிலா ஏணியா என்று கேட்டான். யாழா என்று கேட்காத முதல் ஆள் நீங்கள்தான் என்றாள் அவள். வழியில்தான் தெரிந்தது, இன்றைய கச்சேரிக்கு மைக் செட் அவனுடையதுதான். விதி விளையாடுகிறது என்று எண்ணிக்கொண்டாள்... அந்த விளையாட்டு பிடித்தும் இருந்தது.

விளையாடும் நேரமா இது? கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டாள். இதுவரை கிடைத்ததெல்லாம் சர்ச் கல்யாணங்களும், கோவளம் ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னணி வாசிப்பும்தான். பாதி மேல்நாட்டு சங்கீதம், பாதி கர்நாடக ராகம் என்று முழுக் கச்சேரி இதுதான் முதல். இன்று சரிவராவிட்டால் திங்கட்கிழமை பழைய ஆபீசுக்கே போக வேண்டும் என்று அப்பா சுந்தரராமன் கறாராகச் சொல்லியிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லப்போகிறவரும் அவர்தான். வீட்டில் சங்கீதம் என்றால் வீணை, வயலின். ஹார்ப் அவருக்கு இன்னும் ஹோட்டல் சாமான்தான்.

அரங்கில் ஏசி போடக் கூடாது, மின்விசிறி போதும் என்று மேனேஜரிடம் முன்பே சொல்லியிருந்தாள். ஹார்ப்பின் நரம்புகள் குளிர் பட்டால் சுருதி மாறிவிடும். வெக்கையில் வியர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு தந்தியாகச் சுருதி சேர்த்து முடித்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள். திரும்பி வந்தபோது மேடை ஜில்லென்றிருந்தது.

விரலை ஓட்டினாள். எல்லாம் கலைந்து கிடந்தது. அரங்கில் கூட்டம் நிரம்பிக்கொண்டிருந்தது.

"யார் ஏசி போட்டது?"

"நான்தான்," என்றான் தங்கபாண்டி. "நீங்க வேர்த்து ஒழுகிட்டு நின்னீங்க... பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

"உங்ககிட்ட யார் கேட்டா? என் பொழப்புல விளையாடறேளா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கியது. மன்னிப்புக் கேட்டு, ஏசியை அணைக்கப் போனான்.

"வேண்டாம். அணைச்சா இன்னொரு தடவை மாறும். ஓடட்டும்."

அவள் திரையை இறக்கச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சுருதிச் சாவியை எடுத்தாள். இன்று தோற்றுப்போய் வீட்டுக்குப் போவதில்லை. ஒரு தந்தியைச் சேர்ப்பாள், சேர்ந்த தந்திகளிலேயே மெல்ல மோகனத்தை வாசிப்பாள், அடுத்ததைச் சேர்ப்பாள். சேரச் சேர ராகமும் வளர்ந்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். கடைசித் தந்தி சேர்ந்ததும் விரல்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் இறங்கின... அங்கிருந்து மேல்நாட்டு மெட்டுக்குத் தாவி, மறுபடி மோகனத்தில் வந்து நின்றாள். மிக மெல்லிய தந்தியைக்கூட மைக்கில் பதமாக ஏந்திக் கொடுத்துக்கொண்டிருந்தான் ஓரத்தில் நின்ற தங்கபாண்டி. தலை நிமிரவே இல்லை.

கைதட்டல் ஓய அப்பா மேடையேறி வந்தார். ஹார்ப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அடுத்த கச்சேரி எப்போடி?" என்றார்.

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்கள் தேடியது வேறொருவனை.

வெளியே தூறலில் அவன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், ஹார்ப்பை வீட்டில் இறக்கிவிடுவதாகவும், இனி வேறு ஆளை வைத்துக்கொள்ளும்படியும் சொன்னான். குரலில் கோபம் இல்லை, ரோஷம் இருந்தது. நாலு பேர் முன்னால் திட்டியது தப்புதான் என்றாள். அவன் கயிற்றை இறுக்கினான்.

"அடுத்த கச்சேரிக்கும் நீங்கதான் ஏசி போடணும்," என்றாள் மாளவிகா.

கயிற்றை இறுக்கிய கை நின்றது.

"நான் சுருதி சேக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்கோ. அப்பறம் மாறாது. எனக்கும் வேர்க்காது."

அவன் மெதுவாக நிமிர்ந்தான். மழைத்துளி நின்ற இமைகள்... அதே கண்கள். இப்போது சிரிக்கவில்லை.

"எத்தனையோ பேருக்கு மைக் கட்டிருக்கேன். யாருக்கு வேர்த்துச்சு, யாருக்குக் குளிருச்சுன்னு பாத்ததே இல்ல. இன்னைக்குத்தான்..." என்று நிறுத்தினான்.

"இன்னைக்குத்தான் என்ன? முழுசாச் சொல்லணும்."

"இன்னைக்குத்தான் ஒரு மொகம் வேர்க்கது எனக்குத் தாங்கல."

முந்தானையை எடுத்து, அவன் நெற்றியில் வழிந்த மழையைத் துடைத்துவிட்டாள்.