மறந்த இடத்தில் நின்றவள்

தேங்காய்ப்பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது காலை பத்து மணி. என் மாமியார் ஜெபமணி வாசலில் நின்று சிரித்தார்.

"மெலிஞ்சிட்டியே ஜெனிலா. துபாய்ல இருந்து டிஜோ பட்டினி கெடக்கச் சொன்னானா?"

மாமிக்கு ஆரம்பநிலை மறதி என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லியிருந்தார். அன்றாட வேலைகளைத் தனியாகச் செய்ய முடிகிறதா என்று ஒருநாள் அவரோடு இருந்து பார்க்கச் சொன்னார். முடியாதென்றால் நாகர்கோவிலுக்கே, என் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று வந்தேன்.

அன்று திங்கள். மாத்திரை டப்பாவில் புதன்கிழமைக்கானதுவரை விழுங்கி முடித்திருந்தார். டீக்கு இரண்டு தடவை சீனி போட்டார். மீன்குழம்புக்குத் தேங்காய் அரைத்தவர், அடுத்தது தெரியாமல் அடுப்பின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

அடுக்களையில் முடி கருகும் வாடை வந்தது.

திடீரென மாமியின் கை அசைந்தது. புளி, மிளகாய்ப்பொடி, உப்பு. அந்தத் தளர்ந்த கைக்கு அத்தனை வேகம் ஏது? கண்கள் மட்டும் பயத்தோடு என்னையே பார்த்தன.

"மாமி?"

கை நின்றது.

"நான் மறக்குத இடத்துல எல்லாம் சிசிலி ஏறி நிக்கா, மக்கா" என்று கிசுகிசுத்தார்.

சிசிலி என் மாமனாரின் முதல் மனைவி. இதே அடுக்களையில் தீப்பிடித்துச் செத்தவள். அடுத்த வருடமே மாமி இந்த வீட்டுக்கு வந்தார்.

"அவளுக்க அடுப்புல நாப்பது வருசம் ஆக்கித் தின்னேன்லா, சும்மா விடுவாளா? என்ன இவகிட்ட விட்டுட்டுப் போயிராத, கேட்டியா?"

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. அடுப்பை அணைத்தேன். வாடகைக் காரை வரவழைத்து, மாமியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். வாசற்படியில் அவர் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றது. பிறகு வெடுக்கென்று வந்தது.

கதவைப் பூட்டினேன்.

 வழியெல்லாம், நான் பிடித்திருந்த மாமியின் கை கொதித்தது.

மறுநாள் டாக்டர் கேட்ட எதிலும் தப்பில்லை. தேதி, கிழமை, நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்கள், எல்லாமே சரி. டாக்டருக்கே ஆச்சரியம். என் கணவர் டிஜோ போனில் அழுதேவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியைக் கட்டிக்கொண்டேன். "நல்லா பயங்காட்டிட்டிய மாமி."

அவள் என் கையை உதறினாள்.

"ஏட்டி, யாருக்க மாமி?"

நிமிர்ந்தேன். அந்த முகத்தில் நான் அறிந்த எதுவும் இல்லை.

"அவள நீதான உள்ள வச்சுப் பூட்டின?"

என் போன் அடித்தது. தேங்காய்ப்பட்டணத்துப் பக்கத்து வீட்டு ரெனிஷா.

"அக்கா, மாமிய உள்ள வச்சா பூட்டிட்டுப் போனிய? 'ஜெனிலா, கதவத் திற'ன்னு தட்டிட்டே கெடக்காவ..."

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து ஒரு விரல் நீண்டு போனை அணைத்தது.